இரண்டு வாரத்தில் லாவோஸ்: ரயில் எதுவரை, பஸ் எங்கிருந்து?

கேள்வி இது: "ஜனவரியில் 14 நாள் விடுமுறை. சென்னையிலிருந்து பாங்காக் வரை விமானம், திரும்புவதும் பாங்காக்கிலிருந்துதான். நடுவில் லாவோஸை ரயிலிலும் பஸ்ஸிலும் மட்டுமே பார்க்க வேண்டும். எந்த வரிசையில் போவது, எதை முன்பதிவு செய்வது, எங்கே சிக்கல் வரும்?"

வரிசையை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்: வடக்கை முடித்துவிட்டுத் தெற்கே இறங்குங்கள். தாய்லாந்திலிருந்து தலைநகர் வியந்தியான் வரை வரும் சிறு துண்டை விட்டால், லாவோஸில் ரயில் பாதை வியந்தியானுக்கு வடக்கே மட்டும்தான். தெற்கே முழுக்க சாலை. ரயில் டிக்கெட் விற்பனை பயண நாளுக்குச் சில நாட்கள் முன்புதான் திறக்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். தெற்கே போகும் பஸ்களோ தினமும் ஓடுகின்றன, முதல் நாள் சொன்னாலே பெரும்பாலும் இடம் கிடைக்கும். ரயில் கிடைக்காமல் வடக்கில் ஒரு நாள் நழுவினால், அதைத் தெற்கில் ஒரு இரவைக் குறைத்துச் சரிக்கட்டிவிடலாம். தெற்கை முதலில் பார்த்துவிட்டு வடக்கில் முடிப்பவர்கள்தான், "நாளை ரயிலில் இடமில்லை, நாளை மறுநாள் விமானம்" என்ற நெருக்கடியில் மாட்டுகிறார்கள்.

வழி இப்படி அமையும். பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் வியந்தியான். அங்கிருந்து ரயிலில் வாங் வியெங், பிறகு லுவாங் பிரபாங். அங்கிருந்து வேனில் நோங் கியாவ் போய்த் திரும்பி, ரயிலில் மீண்டும் வியந்தியான். இரவு பஸ்ஸில் பாக்சே. அங்கிருந்து சம்பாசக், நாலாயிரம் தீவுகள். கடைசியில் பாக்சேயிலிருந்து எல்லை தாண்டி தாய்லாந்தின் உபோன், அங்கிருந்து இரவு ரயிலில் பாங்காக். இப்படிப் போனால் தெற்கே இறங்கியபின் வியந்தியானுக்குத் திரும்பி வரவே வேண்டாம்.

பாங்காக்கிலிருந்து கிளம்ப இரண்டு வழி. 2024 ஜூலையிலிருந்து 133-ஆம் எண் ரயில் க்ருங் தேப் அபிவத் நிலையத்திலிருந்து இரவு எட்டரை மணியளவில் புறப்பட்டு, மறுநாள் காலை ஒன்பது மணிவாக்கில் வியந்தியானின் காம்சவத் நிலையத்துக்கே போய்ச் சேருகிறது. தொடங்கியபோது மூன்றாம் வகுப்பு உட்காரும் இருக்கை 281 பாட் (தாய்லாந்து நாணயம்), ஏசி கீழ்ப் படுக்கை 874 பாட். காலையில் நோங் காய் நிலையத்தில் எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்கி, தாய்லாந்து குடிநுழைவு முத்திரை வாங்கிக்கொண்டு மீண்டும் ஏற வேண்டும். லாவோஸ் பக்க முத்திரை காம்சவத்தில். இதில் படுக்கை கிடைக்காவிட்டால் நோங் காய் வரை மட்டும் போகும் இன்னொரு இரவு ரயிலைப் பிடியுங்கள். நிலையத்திலிருந்து டுக்-டுக்கில் மெகோங் ஆற்றின் மேலுள்ள நட்புறவுப் பாலத்துக்குப் போய், முத்திரை வாங்கி, பாலத்தைக் கடக்கும் சிற்றுந்தில் ஏறினால் அக்கரை. நேரத்தில் பெரிய வித்தியாசம் இராது. தாய்லாந்து ரயில் டிக்கெட் பல வாரம் முன்பே திறந்துவிடும் என்பதால் இதை இந்தியாவிலிருந்தே எடுத்துவிடலாம், எடுத்துவிடுங்கள். கீழ்ப் படுக்கை முதலில் தீரும். அது அகலமும் அதிகம்.

விசா: இந்திய பாஸ்போர்ட்டுக்கு லாவோஸ் எல்லையிலேயே விசா தருகிறார்கள். கட்டணம் 40 டாலர் அளவில், சில இடங்களில் முத்திரைக் கூலி என்று ஓரிரு டாலர் கூடும். பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று, ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், இரண்டு காலிப் பக்கம் கையில் இருக்கட்டும். டாலர் நோட்டு புதிதாக இருக்க வேண்டும். ஓரம் கிழிந்தது, பேனாக் கிறுக்கல் உள்ளது, மடிப்பில் நைந்தது எதையும் வாங்க மாட்டார்கள். பாட் நோட்டாகக் கட்டினால் மாற்று விகிதத்தில் நஷ்டம்தான். இணையவழி விசாவும் உண்டு, கட்டணம் சற்று அதிகம். ஆனால் அது குறிப்பிட்ட நுழைவிடங்களில் மட்டுமே செல்லும். நீங்கள் நுழையும் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அதிகாரபூர்வ தளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அதே தோற்றத்தில் உலவும் தரகர் தளங்கள் ஏராளம். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் உள்ள தமிழர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, 30 நாள் விசா இன்றி நுழையலாம்.

தாய்லாந்துக்குள் நீங்கள் இரண்டு முறை நுழைகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். ஒன்று விமானத்தில், இன்னொன்று உபோன் பக்கம் தரைவழியாக. 2025 மே முதல் தாய்லாந்து மின்னணு வருகை அட்டை கட்டாயம். ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனியாக, அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அது போலித் தளம்.

இனி வியந்தியான். அங்கே ரயில் நிலையம் என்றால் இரண்டு. தாய்லாந்திலிருந்து வரும் மீட்டர் கேஜ் ரயில் நிற்பது காம்சவத்தில். வடக்கே போகும் லாவோஸ்-சீன ரயில் ஸ்டாண்டர்ட் கேஜ், அதாவது அதைவிட அகலமான பாதை. அதன் நிலையம் ஊர் மையத்திலிருந்து வடகிழக்கே 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பயணிகள் பாதை கிடையாது, சாலையில்தான் மாற வேண்டும். "காலை ஒன்பதுக்கு வந்து பத்து மணி ரயிலில் ஏறிவிடலாம்" என்று கணக்குப் போட்டு ரயிலைக் கோட்டை விட்டவர்கள் பலர். விசா வரிசை, பணம் மாற்றுவது, சிம், வண்டி எல்லாம் சேர்த்தால் மூன்றரை மணி நேர இடைவெளிகூட இறுக்கம்தான். முதல் நாள் இரவு வியந்தியானில் தங்கி, மறுநாள் காலை வடக்கே கிளம்புவது நல்லது. ஊருக்குள் வண்டி கூப்பிட லோகா என்ற செயலி இருக்கிறது. விலை திரையிலேயே தெரியும் என்பதால் பேரம் மிச்சம். நிலையத்துக்கு 45 நிமிடமாவது ஒதுக்குங்கள், மாலை நெரிசலில் இன்னும் கூடும்.

லாவோஸ்-சீன ரயில் 2021 டிசம்பர் 3 அன்று ஓடத் தொடங்கியது. சீன எல்லையில் உள்ள போத்தென் முதல் வியந்தியான் வரை 400 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். உச்ச வேகம் மணிக்கு 160. வாங் வியெங் ஒரு மணி நேரம், லுவாங் பிரபாங் இரண்டு மணிக்கும் குறைவு. சாலையில் வியந்தியானிலிருந்து லுவாங் பிரபாங் போக ஒரு முழுப் பகலும் போய்விடும். மழைக்காலத்தில் மண்சரிவு வேறு. ஆகவே இந்தப் பகுதிக்கு ரயில்தான், யோசிக்கவே வேண்டாம். ஜன்னலோரக் காட்சிக்காக மட்டும் அதிகம் ஆசைப்படாதீர்கள். பாதையில் ஏறத்தாழ பாதி சுரங்கத்துக்குள் போகிறது. வாங் வியெங்கை ஒட்டிய சுண்ணாம்புக் குன்றுகள் தெரியத் தொடங்கும், சட்டென்று இருட்டும், திரும்ப வெளிச்சம் வருவதற்குள் குன்றுகள் பின்னால் போயிருக்கும்.

வண்டிகள் இரண்டு வகை. சி என்று தொடங்கும் எண்கள் வேக ரயில். கே என்று தொடங்குபவை சாதாரண ரயில், மெதுவானவை, மலிவானவை. வேக ரயிலில் இரண்டாம் வகுப்பு மூன்றும் இரண்டுமாக ஐந்து இருக்கை வரிசை, முதல் வகுப்பில் நான்கு. இரண்டு மணி நேரத்துக்கு இரண்டாம் வகுப்பே தாராளம். டி எண் கொண்டவை சீனாவின் குன்மிங் வரை போகும் பன்னாட்டு ரயில்கள். 2023 ஏப்ரலில் தொடங்கின. குன்மிங்குக்கு இந்தியர்களுக்கு முன்கூட்டியே சீன விசா வேண்டும். அங்கே கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும்.

டிக்கெட் வாங்க மூன்று வழி. எல்சிஆர் டிக்கெட் என்ற ரயில்வேயின் சொந்தச் செயலி முதலாவது. கூடுதல் கட்டணம் இல்லை. ஆனால் பதிவு செய்யும்போது ரகசிய எண் கைபேசிக்கு வராமல் போவதும், பணம் கட்டும் கடைசிப் படியில் கார்டு மறுக்கப்படுவதும் உண்டு. அதனால் கிளம்புவதற்கு முன் ஊரிலேயே பதிவு செய்து, கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நிலையத்திலோ ஊருக்குள் இருக்கும் விற்பனையகத்திலோ நேரில் வாங்குவது. மூன்றாவது, முகவர். தங்கும் விடுதியிலும் தெருவோரப் பயண ஏற்பாட்டுக் கடைகளிலும், பாஸ்போர்ட் நகல் வாங்கிக்கொண்டு கூலி வைத்து எடுத்துத் தருவார்கள். இணையத்தில் மாதம் முன்பே பணம் வாங்கும் முகவர்களும் விற்பனை திறந்த பிறகுதான் டிக்கெட் எடுக்க முடியும். அவர்கள் அனுப்பும் முதல் கடிதம் டிக்கெட் அல்ல, வேண்டுகோள் பதிவானதற்கான சீட்டு மட்டுமே. இருக்கை எண் வந்தால்தான் உறுதி. டிக்கெட் உறுதியாகும் வரை, பணம் திரும்பக் கிடைக்காத விடுதி அறை எதையும் வடக்கில் எடுக்காதீர்கள். ஏப்ரல் நடுவில் லாவோ புத்தாண்டு, ஜனவரி இறுதி முதல் பிப்ரவரிக்குள் வரும் சீனப் புத்தாண்டு, அக்டோபர் முதல் வாரத்துச் சீன விடுமுறை ஆகிய காலங்களில் ரயில்கள் நிரம்பி வழியும். உங்கள் ஜனவரிப் பயணம் மாதக் கடைசியைத் தொடுமானால் அந்த ஆண்டின் சீனப் புத்தாண்டுத் தேதியை முதலில் பாருங்கள்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல். நம்மில் பலருக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது இனிஷியல் விரிந்து அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரி எழுத்துகளில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ, அதே வரிசையை விசாவிலும் டிக்கெட்டிலும் பின்பற்றுங்கள். பாஸ்போர்ட் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். நிலைய வாசலில் டிக்கெட்டோடு ஒப்பிடுவது அதைத்தான். எண்ணில் ஓர் எழுத்து பிசகினால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். நடைமுறை கிட்டத்தட்ட விமான நிலையம்தான். வாசலில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும், பிறகு பை எக்ஸ்ரே, உடல் சோதனை, காத்திருப்புக் கூடம், அதன்பின் நடைமேடைக் கதவு. புறப்படும் நேரத்துக்குச் சில நிமிடம் முன்பே கதவை மூடிவிடுவார்கள், ரயில் கண்முன் நின்றாலும் விட மாட்டார்கள். எக்ஸ்ரேயில் மாட்டுபவை பெரும்பாலும் அழுத்தக் குப்பிகள். டியோடரண்ட் ஸ்பிரே, கொசு விரட்டி ஸ்பிரே, ஷேவிங் ஃபோம், ஸ்பிரே வடிவச் சன்ஸ்கிரீன் எதுவானாலும் எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். பழம் நறுக்கும் சிறு கத்தி, மடக்குக் கத்தி, கத்தரிக்கோல் கதியும் அதுதான். பவர் பேங்கில் கொள்ளளவு அச்சிட்டிருக்க வேண்டும். எழுத்து தேய்ந்து படிக்க முடியாமல் இருந்தால், நல்ல பவர் பேங்காக இருந்தாலும் பறிபோகும். கொசு விரட்டியைக் களிம்பாகவும் டியோடரண்டை ரோல்-ஆனாகவும் வாங்கிக்கொண்டால் இந்தப் பாடு இல்லை.

நிலையங்கள் ஊருக்கு வெளியே என்பதால் இறங்கியபின் இன்னொரு பயணம் பாக்கி. லுவாங் பிரபாங் நிலையத்திலிருந்து பழைய ஊர் 12 கிலோமீட்டருக்கு மேல். வாசலில் பகிர்வு வேன்கள் நிற்கும், டிக்கெட் மேசையில் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு விடுதி வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். அவசரமாக வெளியேறுங்கள். முதல் சில வேன்கள் நிரம்பியபின் அடுத்தது நிரம்பக் காத்திருக்க வேண்டும். வாங் வியெங் நிலையம் ஊருக்குச் சற்று அருகில், இதே ஏற்பாடுதான்.

வாங் வியெங்கில் இரண்டு இரவு, லுவாங் பிரபாங்கில் (நோங் கியாவிலிருந்து திரும்பித் தங்கும் இரவையும் சேர்த்து) மூன்று இரவு போதும். லுவாங் பிரபாங் 1995 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பழைய அரச நகரம். விடிகாலையில் துறவிகள் வரிசையாகப் பிச்சை ஏற்று வருவதைப் பார்க்க விரும்பினால் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, ஃபிளாஷ் இல்லாமல், பேசாமல் பாருங்கள். அது அவர்களுடைய அன்றாட வழிபாடு. குவாங் சி அருவி 30 கிலோமீட்டர். பகிர்வு வேனில் அரை நாளில் போய்வரலாம்.

அடுத்தது நோங் கியாவ். 'நாம் ஊ' என்ற ஆற்றின் இரு கரையிலும் செங்குத்து மலைகள், நடுவில் சிற்றூர். லுவாங் பிரபாங்கிலிருந்து 140 கிலோமீட்டர், வேனில் நாலு மணி நேரம். முன்பு படகிலேயே போய்வரலாம். ஆற்றின் குறுக்கே அணைகள் எழுந்தபின் அந்த வழி நின்றுபோயிற்று, யாராவது பழைய குறிப்பைக் காட்டினால் நம்ப வேண்டாம். நோங் கியாவிலிருந்து மேலே முவாங் ங்கோய்க்கு ஒரு மணி நேரப் படகு இன்னும் உண்டு. ஜனவரி இரவுகளில் இங்கே நன்றாகவே குளிரும். படகில் காலை நேரக் காற்று எலும்பைத் தொடும். ஒரு ஸ்வெட்டரும் காற்றுத் தடுப்புச் சட்டையும் கட்டாயம்.

நோங் கியாவுக்குப் பதில் கல்தாழிச் சமவெளியைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. ஃபோன்சவன் ஊரைச் சுற்றி ஆளுயரக் கல் தாழிகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நம் ஊர் முதுமக்கள் தாழிகளைப் பற்றி அறிந்தவர்களுக்கு, ஈமச் சடங்கோடு தொடர்புள்ள இந்தத் தாழிகள் தனி ஈர்ப்பு. ஆனால் அங்கே ரயில் இல்லை. மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏழெட்டு மணி நேரம் வேன். வாந்தி வரும் உடம்பு என்றால் மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முன் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஒரு விதியை மீறவே கூடாது. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ் மீது 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு வீசின. அவற்றில் கொத்துக் குண்டுகளின் சிறு உருண்டைகள் மட்டும் 27 கோடி. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டது. தாழிகள் உள்ள இடங்களில் தரையில் சிவப்பும் வெள்ளையுமான அடையாளக் கற்கள் பதித்திருக்கிறார்கள். வெள்ளைப் பக்கம் குண்டுகளை அகற்றிய நிலம், சிவப்புப் பக்கம் அப்படி அல்ல. படம் எடுக்கவோ சிறுநீர் கழிக்கவோ ஓரடி தள்ளிக்கூடப் போகக் கூடாது. அந்த ஊர் விவசாயிகள் இன்றும் அந்த மண்ணில்தான் மண்வெட்டி போடுகிறார்கள்.

வடதாய்லாந்தின் சியாங் ராய் பக்கமிருந்து நுழைபவர்களுக்கு வேறொரு வழி. ஹுவாய் சாயிலிருந்து மெகோங்கில் மெதுபடகு, இரண்டு பகல், நடுவில் பாக்பெங்கில் ஓர் இரவு, மறுநாள் மாலை லுவாங் பிரபாங். படகுத்துறை ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அங்கேயும் டுக்-டுக் செலவு உண்டு. நேரம் இருந்தால் ரயிலைவிட இதில்தான் நாட்டின் அழகு கண்ணுக்குத் தெரியும். 14 நாளில் தெற்கும் வேண்டும் என்றால் இதை விட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தெற்கே இறங்கலாம். 2024, 2025 ஆண்டுகளில் லாவோஸ் நாணயமான கிப், ஒரு டாலருக்கு 21,000 முதல் 22,000, ஒரு ரூபாய்க்கு 250 கிப் என்ற அளவில் நின்றது. சுழியங்களைப் பார்த்துக் குழம்பாமல் இருக்க, ஒரு லட்சம் கிப் என்பது சுமார் 400 ரூபாய் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 10,000 நோட்டும் 1,00,000 நோட்டும் அவசரத்தில் மாறிப்போகும், தனித்தனி மடிப்பில் வையுங்கள். ஏடிஎம்மில் ஒரு முறைக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 லட்சம் கிப் வரைதான் வரும், ஒவ்வொரு முறையும் கட்டணம். தீவுகளுக்குப் போகுமுன் பாக்சேயில் தேவையானதை எடுத்துவிடுங்கள். நாட்டை விட்டு வெளியே கிப்பை எவரும் மாற்றித் தர மாட்டார்கள், கடைசி நாளில் செலவழித்து முடிப்பதுதான் வழி.

சைவ உணவுக்காரர்கள் "கின் ஜே" என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லாத உணவு என்று பொருள். "காய்கறி மட்டும்" என்று சைகை காட்டிக் கேட்டால் தட்டில் காய்கறிதான் வரும், ஆனால் உள்ளே மீன்சாறு இருக்கும். பப்பாளிக்காய் சாலட்டை உரலில் இடிப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மிளகாய், பூண்டு, தக்காளி, எலுமிச்சை, எல்லாம் நமக்குத் தெரிந்தவை. அதன்மேல் கரண்டியால் ஊற்றும் கலங்கலான பழுப்புச் சாறு பாதேக், புளிக்கவைத்த மீன். "போ சாய் பாதேக், போ சாய் நாம் பா" என்றால் பாதேக், மீன்சாறு இரண்டையும் போடாதே என்று அர்த்தம், உரலில் விழுவதற்கு முன் சொல்ல வேண்டும். மூங்கில் கூடையில் வரும் பசையரிசிச் சோற்றைக் கையால் உருட்டித்தான் சாப்பிடுவார்கள். நமக்கு அதில் பழக்கம் சொல்லித் தர வேண்டியதில்லை.

மது அருந்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுக்க வேண்டாம். 2024 நவம்பரில் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மது குடித்து ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். இலவசமாக ஊற்றித் தரும் ஷாட், வாளியில் கலந்து தரும் மது, பெயரில்லாத புட்டியில் வரும் சாராயம் எதையும் தொடாதீர்கள். வேண்டுமானால் உங்கள் முன்னால் மூடி திறக்கும் பீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டுவதாக இருந்தால், இரு சக்கர வாகன விபத்தை உள்ளடக்கிய காப்பீடுதானா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். லாவோஸில் நோய் கடுமையானால் எல்லை தாண்டி தாய்லாந்தின் உதோன் தானி மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோகிறார்கள், அதன் செலவு கையைக் கடிக்கும்.

நோங் கியாவிலிருந்து கிளம்பும் நாளை இப்படி அமையுங்கள்: காலை முதல் வேன், மதியம் லுவாங் பிரபாங். அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் மதிய ரயிலில் வியந்தியான், அன்றிரவு பாக்சே பஸ். ஒரே நாளில் வேன், ரயில், இரவு பஸ் மூன்றையும் கோர்க்காதீர்கள். ஒரு டயர் பஞ்சர் போதும், மூன்று டிக்கெட்டும் வீண். பாக்சே இரவு பஸ்கள் கிளம்பும் தெற்குப் பஸ் நிலையம் ஊர் மையத்தைவிட ரயில் நிலையத்துக்குத்தான் அருகில். அதனால் ரயிலில் இறங்கியதும் ஊருக்குள் போய்த் திரும்பாமல் நேரே அங்கே போய்விடலாம்.

இரவு பஸ் எட்டரை மணிவாக்கில் கிளம்பி, 670 கிலோமீட்டர் ஓடி, காலை ஆறேழு மணிக்குப் பாக்சே சேரும். ஏறும்போதே செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கையில் தருவார்கள். படுக்கை என்பது இருவருக்கானது. டிக்கெட்டில் ஓர் எண் இருந்தாலும் மெத்தை ஒன்றுதான், நடுவில் தடுப்பு கிடையாது. தனியாகப் போனால் முன்பின் தெரியாதவரோடு தோள் உரச விடிய விடியப் படுத்திருக்க வேண்டும். தனியாகப் போகும் பெண்கள், ஏன் ஆண்களும்கூட, இரண்டு இடத்துக்கும் பணம் கட்டிவிடுவது நிம்மதி. இரண்டு டிக்கெட் சேர்ந்தாலும் ஒரு விடுதி இரவின் செலவை ஒட்டித்தான் வரும். ஐந்தே முக்கால் அடிக்கு மேல் உயரம் என்றால் கால் நீட்ட முடியாது. கடைசி வரிசையில் ஐந்து பேர் சேர்ந்து படுக்கும் மெத்தை இருக்கும், சாலைக் குலுக்கல் முழுதும் அங்கேதான், அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏசியை நிறுத்தச் சொல்லியும் பயன் இராது, போர்வையோடு சாக்ஸும் குல்லாவும் கையிலேயே வைத்திருங்கள். பெரிய பை அடியில் போகும். பாஸ்போர்ட்டும் பணமும் இடுப்பில் இருக்கட்டும்.

இரவு பஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் பகலில் தாக்கேக் வரை ஆறு மணி நேரம் போய் அங்கே இரண்டு இரவு தங்கலாம். ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு ஓடும் கோங் லோர் குகை அந்தப் பகுதியில்தான். குகைக்குள் படகில் போய் மறுபுறம் வெளியே வரலாம். இதைச் சேர்த்தால் வாங் வியெங்கை விட்டுவிட வேண்டியிருக்கும். மலையும் குகையும் அங்கேயும் இருப்பதால் அது ஒரு நஷ்டமில்லை என்பது என் கருத்து.

பாக்சேயில் இறங்கியதும் அங்கேயே தங்காமல் சம்பாசக் போய்விடுங்கள், 40 கிலோமீட்டருக்குள்தான். அங்கே வாட் ஃபூ கோயில். கோயிலுக்குப் பின்னால் நிற்கும் மலையுச்சியில் இயற்கையாகவே லிங்க வடிவில் ஒரு பாறை. அதனால் அந்த மலைக்கு லிங்கபர்வதம் என்றே பழைய பெயர். மலையடியில் ஊறும் சுனை நீரைக் கல் கால்வாய் வழியே கொண்டுவந்து கருவறை லிங்கத்தின்மீது இடைவிடாமல் விழச் செய்திருந்தார்கள் கெமர் அரசர்கள் காலத்துச் சிற்பிகள். பிற்காலத்தில் பௌத்தக் கோயிலாகி, இப்போது கருவறையில் புத்தர். ஆனால் வாசல்களின் மேற்கல்லில் ஐராவதத்தின் மேல் இந்திரன், கருடன்மேல் திருமால், கம்சனை வதைக்கும் கிருஷ்ணன் எல்லோரும் அப்படியே இருக்கிறார்கள். கருவறைக்குப் பின்பாறையில் மும்மூர்த்திகள் புடைப்புச் சிற்பம். வழிகாட்டி இல்லாமலே நமக்குப் புரியும் கோயில் இது. படிகள் செங்குத்து, இருபுறமும் ஈழத்தலரி மரங்கள். வெயில் ஏறுமுன், காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். அரை நாள் இங்கே தாராளமாகச் செலவழிக்கலாம், குறைக்க வேண்டாம்.

அங்கிருந்து தெற்கே நாகசோங் படகுத்துறை வரை வேன், பிறகு சிறு படகில் நாலாயிரம் தீவுகளில் உள்ள தோன் தெத் அல்லது தோன் கோன். தோன் தெத் இளைஞர் கூட்டம், தோன் கோன் அமைதி. மெகோங்கின் கோன் அருவிகளைத் தாண்டிக் கப்பல் போக முடியாததால், பிரெஞ்சுக்காரர்கள் 1890-களில் தொடங்கி இந்தத் தீவுகளின் குறுக்கே மொத்தம் ஏழு கிலோமீட்டர் குறுகிய ரயில் பாதை போட்டுப் படகுகளையும் சரக்கையும் கடத்தினார்கள். லாவோஸின் முதல் ரயில் அது. பாலமும் துருப்பிடித்த என்ஜினும் இன்னும் நிற்கின்றன, வாடகை சைக்கிளில் அரை நாளில் பார்த்துவிடலாம். இங்கே இரண்டு இரவு, பிறகு காலை வேனில் பாக்சேக்குத் திரும்புங்கள்.

பாக்சேயிலிருந்து உபோனுக்கு நேரடிப் பன்னாட்டுப் பஸ் உண்டு, மூன்று மணி நேர அளவில். வாங் தாவ் எல்லையில் எல்லோரும் இறங்கி முத்திரை வாங்கி, நடந்து தாய்லாந்துப் பக்கம் சோங் மெக் போய், அதே பஸ்ஸில் ஏற வேண்டும். பஸ்ஸின் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நடத்துநர் முகத்தையும் நினைவில் வையுங்கள். உங்கள் விசா தாளைச் சரிபார்க்க நேரமானால் பஸ் எல்லோரையும் எண்ணித்தான் கிளம்பும் என்று சொல்ல முடியாது, அதனால் முதல் ஆளாக வரிசையில் நில்லுங்கள். வார இறுதியில் முத்திரைக்குச் சிறு தொகை கேட்பார்கள், சில்லறைக் கிப் மிச்சம் வைத்திருங்கள். பஸ் உபோன் நகரின் வடக்கிலுள்ள பஸ் நிலையத்தில் நிற்கும். ரயில் நிலையமோ மூன் ஆற்றுக்குத் தெற்கே, வாரின் சம்ராப் பகுதியில். நடுவில் முழு ஊரும் இருக்கிறது, டாக்சிக்கு அரை மணி நேரமாவது விடுங்கள். மாலை இரவு ரயிலில் ஏறினால் விடிகாலை பாங்காக். அந்த டிக்கெட்டையும் போகும்போது எடுத்ததோடு சேர்த்து ஊரிலேயே எடுத்துவிடுங்கள், சென்னை விமானத்தை அன்றைய இரவுக்கோ மறுநாளுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.